யூரி ஷெவ்ச்சூக்: ‘சுடாதே’ பாட்டிலிருந்து உஃபா நீதிமன்றம் வரை

பழைய வானொலி எழுதியது:

ரஷ்ய ராக் என்றதும் நம் ஆட்கள் விக்தர் த்சோய் பெயரைச் சொல்வார்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். த்சோய் பெரிய கலைஞர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவருக்கு ஐந்து வயது மூத்தவரான யூரி ஷெவ்ச்சூக்கைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அதற்காகவே இந்த இழை.

1957 மே 16-இல் மகதான் வட்டாரத்தில் யாகோத்னோயே என்ற ஊரில் பிறந்தார். கொலிமா பகுதி. ஸ்டாலின் காலத்து முகாம்களால் பெயர் கெட்டுப்போன நிலம். அப்பா உக்ரேனியர், அம்மா தாத்தார் இனத்தவர், ஓவியர். குடும்பம் 1964-இல் காக்கேசஸ் பக்கம் நால்ச்சிக்குக்கும், 1970-இல் உரால் மலைக்கு அருகே உஃபாவுக்கும் குடிபெயர்ந்தது. அம்மாவைப் போலவே இவரும் ஓவியம் படித்தார். கொஞ்ச காலம் கிராமப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். 1980-இல் உஃபாவில் அவருடைய ராக் குழுவான டிடிடி உருவானது. ஆமாம், பூச்சிமருந்தின் பெயர்தான்.

அதே 1980-இல் எழுதிய பாட்டு ‘சுடாதே’. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது 1979 டிசம்பரில். துத்தநாகப் பெட்டிகளில் உடல்கள் ஊருக்கு வரத் தொடங்கிய காலம். செய்தித்தாளில் அதைப் பற்றி ஒரு வரி வராது. பாட்டில் ஒரு சிறுவன் உண்டிவில்லால் குருவியை அடிக்கிறான், புறாவை அடிக்கிறான். வளர்ந்த பிறகு கேளிக்கைப் பூங்காவின் சுடுகூடத்தில் குறி தவறாமல் சுட்டுப் பேர் வாங்குகிறான். அடுத்தது போர். ஆப்கானிஸ்தான் என்ற பெயரே பாட்டில் கிடையாது. 1982-இல் ‘கம்சமோல்ஸ்கயா பிராவ்தா’ நாளிதழ் நடத்திய ‘தங்க இசைக்கவை’ போட்டிக்கு இதை அனுப்பினார்கள். பரிசு பெற்ற குழுக்களில் டிடிடியும் ஒன்று. இளங்கம்யூனிஸ்ட் இயக்கத்தின் சொந்தப் பத்திரிகையே போர் எதிர்ப்புப் பாட்டுக்குப் பரிசு கொடுத்திருக்கிறது! ஏகாதிபத்தியத்துக்கு எதிரான பொதுவான சமாதானப் பாட்டு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

நாற்பது வருஷம் கழித்து அந்த மனிதரை அதே உஃபாவில் அதே கருத்துக்காக நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். நடுவில் நடந்ததைப் பேசுவோம். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

---

உஃபா மாணவி எழுதியது:

அண்ணா, நான் மருத்துவம் படித்தது உஃபாவில். நம்ம ஊர்ப் பிள்ளைகள் அங்கே நிறைய. ஷெவ்ச்சூக்கைத் தெரியாத ஆளை அந்த ஊரில் நான் பார்த்ததில்லை. பாடகி செம்ஃபிராவும் உஃபாதான், இவரும் உஃபாதான் என்று ஊர்க்காரர்கள் உரிமையோடு சொல்வார்கள். ஆனால் அவரை ஊரை விட்டுத் துரத்தியதும் அதே ஊர். அதைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

1984-இல் ‘பெரிஃபெரியா’ என்று ஓர் ஆல்பம் வந்தது. தலைநகரத்தின் கண்ணில் படாத மாகாண வாழ்க்கை அதில் அப்படியே இருந்தது. அதிகாரிகள் கொதித்துவிட்டார்கள். உள்ளூர் இளைஞர் பத்திரிகையில் ‘அந்நியக் குரலில் பாடும் பாணன்’ என்று தலைப்பிட்டுத் தாக்கி எழுதினார்கள். சோவியத் உளவுத்துறையான கேஜிபி கூப்பிட்டு விசாரித்தது. சொந்தப் பாட்டை எழுத மாட்டேன், பதிய மாட்டேன், மேடையில் பாட மாட்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஊரில் பிழைக்க வழியில்லை. கிளம்பிவிட்டார். ஸ்வெர்த்லோவ்ஸ்க், மாஸ்கோ என்று அலைந்து கடைசியில் லெனின்கிராத், அதாவது இன்றைய பீட்டர்ஸ்பர்க்.

போவதற்கு முன் உஃபாவில் எல்மீராவைச் சந்தித்திருந்தார். சின்னப் பெண். திருமணமாகி இருவரும் லெனின்கிராத்தில் பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிரும் வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். எல்மீரா 1992-இல் மூளைக்கட்டியால் இறந்தபோது வயது 24. ‘நடிகை வசந்தம்’ ஆல்பம் அவருக்குக் காணிக்கை. ‘இலையுதிர்காலம் என்றால் என்ன’ என்ற பாட்டு அதில்தான் இருக்கிறது. ரஷ்யாவில் கிட்டாரைத் தொட்ட எல்லோரும் அதைப் பாடுவார்கள். எங்கள் விடுதியிலும் அக்டோபர் வந்தாலே கேட்கும். அரசியல் பாடகர் என்று மட்டும் அவரை எழுதிவிடாதீர்கள், அதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

---

பழைய வானொலி எழுதியது:

நன்றி அம்மா. லெனின்கிராத் பற்றி ஒரு விளக்கம் சேர்க்கிறேன், அது புரியாமல் அந்தத் தலைமுறை புரியாது.

சோவியத் சட்டப்படி வேலை இல்லாமல் இருப்பது குற்றம். ‘ஒட்டுண்ணி வாழ்க்கை’ என்று வழக்குப் போடுவார்கள். பாட்டு எழுதுவதை வேலை என்று ஏற்க வேண்டுமானால் அரசுக் கலை அமைப்பில் இடம் வேண்டும். ராக் பாடகனுக்கு அது கிடைக்காது. அதனால் இரவுக் காவலாளி, தெருக் கூட்டுபவர், கட்டடங்களுக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலனில் கரி தள்ளுபவர் என்று ஏதாவது ஒரு பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக்கொண்டு மீதி நேரத்தில் பாடினார்கள். த்சோய் கரி தள்ளிய கொதிகலன் அறை இன்று ரசிகர்கள் போய்ப் பார்க்கும் இடம். ஷெவ்ச்சூக்கும் காவலாளியாக, தெருக் கூட்டுபவராக வேலை பார்த்தவர்.

இசைத்தட்டு போடும் நிறுவனம் நாடு முழுக்க ஒன்றே ஒன்று, அரசின் மெலோதியா. மற்றதெல்லாம் வீட்டில் ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்குப் படியெடுத்துக் கைமாறியதுதான். மாஸ்கோவில் ஒருவரிடம் இருப்பது சில வாரங்களில் விளாதிவொஸ்தோக் வரை போய்விடும், ஒவ்வொரு படிக்கும் இரைச்சல் கூடிக்கொண்டே. அந்த இரைச்சலைத் தாண்டி வார்த்தை புரிந்தாக வேண்டும். ரஷ்ய ராக்கில் குரலும் வரிகளும் முன்னால் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

லெனின்கிராத் ராக் கிளப் 1981-இல் தொடங்கியது. கேஜிபிக்குத் தெரிந்து, அதன் கண்காணிப்பில் இயங்கிய இடம். ரூபின்ஷ்தைன் தெரு 13. புதிய ஆட்களோடு டிடிடி அங்கே மேடை ஏறியது 1987-இல். அடுத்த வருஷமே ‘இந்த வேடம் எனக்குக் கிடைத்தது’ என்ற ஆல்பம், பிறகு மெலோதியா வழியாகவே இசைத்தட்டு. கர்பச்சோவ் காலத்தில் காற்று அவ்வளவு வேகமாக மாறியது.

---

செங்கதிர் எழுதியது:

தோழர், இழை நன்றாகப் போகிறது. ஆனால் அன்றும் இன்றும் ‘அதே கருத்து’ என்று நீங்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1995 ஜனவரியில், ரஷ்யா போர் நடத்திக்கொண்டிருந்த செச்சென்யாவுக்குப் போய் ரஷ்யச் சிப்பாய்களுக்குக் கச்சேரி நடத்தியவர் இவர். அதன் தலைநகர் குரோஸ்னி தரைமட்டமாகிக்கொண்டிருந்த நேரம். குண்டு போடும் தரப்பின் முகாமில் கிட்டாரோடு போய் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் என்ன? வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கேளிக்கை நடத்தப் போனவர்களை நாம் என்ன சொன்னோம்?

---

பழைய வானொலி எழுதியது:

நியாயமான கேள்வி. ஆனால் முழுச் சித்திரம் வேறு மாதிரி இருக்கிறது தோழர்.

அவர் அங்கே பாடியது சிப்பாய்களுக்கு மட்டும் இல்லை. செச்சென் மக்களுக்கும் பாடினார். இரு பக்கமும் சேர்த்து ஐம்பது கச்சேரிகள் அளவுக்கு நடத்தினார். அரசு மேடை போட்டு, மைக் வைத்து, தொலைக்காட்சிக்காக எடுத்த நிகழ்ச்சிகளாக அவை இருக்கவில்லை. அந்தப் பயணத்தின் விளைவு ‘இறந்த நகரம். கிறிஸ்துமஸ்’ என்ற பாட்டு. ரஷ்யக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அந்த நாளில் குரோஸ்னி எப்படி இருந்தது என்பதைத் தன் சொந்த ராணுவம் செய்த வேலையாகவே பார்த்துப் பாடினார். அந்தப் பாட்டை எந்தத் தளபதியும் தன் விழாவில் போட மாட்டான்.

சிப்பாய் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள், கட்டாய ராணுவ சேவையில் பிடித்து அனுப்பியவர்கள். ‘சுடாதே’ பாட்டில் வருகிற அதே பையன்தான். அவனை எட்டாமல் அந்தப் பாட்டுக்கு என்ன வேலை? மாஸ்கோ அரங்கில் டிக்கெட் வாங்கி வந்தவனிடம் ‘சுடாதே’ என்று பாடுவது சுலபம். துப்பாக்கி வைத்திருப்பவன் முன்னால் போய்ப் பாடியதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

---

கானல் எழுதியது:

பழைய வானொலி அண்ணை சொல்றதோட நான் ஒத்துப்போறன், ஆனா செங்கதிர் கேட்ட கேள்வியையும் தள்ளிவிட ஏலாது. போர் நடக்கிற இடத்துக்குப் போற கலைஞன் என்ன நினைச்சுப் போனாலும், அவன்ர படத்தை யார் எப்பிடிப் பாவிப்பினம் எண்டது அவன்ர கையில இல்லை.

ஆனா ஒண்டு. அவர் ஒரு பக்கத்துக் குண்டை மட்டும் எதிர்த்த ஆள் இல்லை. 1999-இல யூகோஸ்லாவியாவில நேட்டோ குண்டு போட்டபோது அங்கயும் போய்ப் பாடினவர், அமெரிக்காவைக் கண்டிச்சவர். அப்ப ரஷ்யத் தேசியவாதிகளுக்கு அவரை நல்லாப் பிடிச்சது. 2004 கடைசியில, தேர்தல் மோசடியை எதிர்த்து உக்ரேன் சனம் கூடின கீவ் சதுக்கத்துக்குப் போனபோது அதே ஆக்களுக்குப் பிடிக்கேல்லை. 2008 ஓகஸ்டில ஜோர்ஜியாவோட ரஷ்யா சண்டை பிடிச்சு ஒரு மாதம் கழிய, செப்டெம்பரில பீட்டர்ஸ்பேர்க்கிலயும் மாஸ்கோவிலயும் ‘சுடாதே’ எண்ட பேரிலயே கச்சேரி வைச்சார். ஜோர்ஜியப் பாடகி நினோ கதமாட்ஸே அதில பாடினவா. ஒசேத்தியக் கலைஞர்களும் உக்ரேன்காரரும் ஒரே மேடையில நிண்டவை. ரஷ்யத் தொலைக்காட்சி முழுக்க ஜோர்ஜியாவைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு ஜோர்ஜியப் பெண்ணுக்கு மாஸ்கோவில ஆயிரக்கணக்கான சனம் கை தட்டினது சின்ன விசயம் இல்லை.

எனக்கு அவரில பிடிச்சது அந்தக் கச்சேரிதான். வேற எதையும் விட.

---

செங்கதிர் எழுதியது:

2008 கச்சேரியை நானும் மதிக்கிறேன். என் அடுத்த கேள்வி 2010 பற்றியது. புதினோடு தேநீர் மேசையில் உட்கார்ந்து பேசிய காட்சியை எல்லோரும் வீரம் என்று கொண்டாடுகிறார்கள். மேசைக்கு அழைப்பு வந்தது, போனார், பேசினார், படமும் பிடித்தார்கள். பிறகு என்ன மாறியது?

---

பழைய வானொலி எழுதியது:

அந்தச் சந்திப்பைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் பாதி தெரிந்துகொண்டு பேசுபவர்கள் அதிகம்.

2010 மே 29, பீட்டர்ஸ்பர்க் மிகைலோவ்ஸ்கி அரங்கம். நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் அறக்கட்டளைக்காக ஒரு நிகழ்ச்சி. அப்போது புதின் பிரதமர். நடிகர்களும் இசைக்கலைஞர்களும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். எல்லோரும் குழந்தைகளின் சிகிச்சை பற்றிப் பேசினார்கள், அதுவும் தேவையான பேச்சுதான். ஷெவ்ச்சூக் பேசும்போது, இரண்டு நாள் முன்பு உங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுக் கூர்மையான கேள்விகள் கேட்க வேண்டாம் என்றார்கள் என்று ஆரம்பித்தார். உடனே புதின் “உங்கள் பெயர் என்ன, மன்னிக்கவும்?” என்று கேட்டார். “யூரா ஷெவ்ச்சூக், இசைக்கலைஞன்” என்று பதில் வந்தது.

நாட்டில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அந்தக் கேள்வி எதற்காக வந்தது என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் புரிந்திருக்கும். அவர் தடுமாறவில்லை. தாளை வைத்துக்கொண்டு கேட்டார்: பத்திரிகைச் சுதந்திரம் எங்கே? சைரன் விளக்கு வைத்த வண்டியில் போகும் பிரபுக்கள் ஒரு பக்கம், எந்த உரிமையும் இல்லாத மக்கள் ஒரு பக்கம் என்று நாடு ஏன் பிரிந்து கிடக்கிறது? அந்த மாதம்தான் மெஷ்துரெச்சென்ஸ்க் ஊரில் ரஸ்பத்ஸ்கயா நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 91 பேர் இறந்திருந்தார்கள். அந்தத் தொழிலாளர்களின் நிலையைப் பற்றியும் கேட்டார். இரண்டு நாளில் மே 31 வருகிறது, எதிர்ப்பாளர்கள் ஊர்வலம் போகப் போகிறார்கள், அவர்களை அடித்துக் கலைப்பீர்களா என்றார். மருத்துவமனைப் பக்கத்திலோ, ஊருக்கு வெளியே தோட்ட வீட்டுக்குப் போகிறவர்களின் வழியிலோ கூட்டம் போட்டால் எப்படி என்கிற தோரணையில் புதின் பதில் சொன்னார்.

என்ன மாறியது என்று கேட்கிறீர்கள். சட்டம் எதுவும் மாறவில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு பிரபலம் புதின் முகத்துக்கு நேராக, கேமரா முன்னால், வாழ்த்துரை சொல்ல வேண்டிய இடத்தில் இப்படிக் கேட்டதை ரஷ்ய மக்கள் பார்த்ததில்லை. இணையத்தில் அந்தக் காணொளி காட்டுத்தீயாகப் பரவியது. கேட்க முடியும் என்று ஒருவர் காட்டினாலே அடுத்தவனுக்கு அது வழிதான்.

ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது. அவர் அங்கே போவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2008 மார்ச் 3-இல், மெத்வேதெவ் அதிபராகத் தேர்வான தேர்தலுக்கு மறுநாள், பீட்டர்ஸ்பர்க் எதிர்ப்பு ஊர்வலத்தில் தெருவில் நடந்தவர். மேசைக்காகக் கொள்கையைத் தயார் செய்த ஆள் அல்ல.

---

உஃபா மாணவி எழுதியது:

அதே 2010-இல் ஹிம்கி காட்டு விவகாரமும் வருகிறதே. அதையும் எழுதுங்கள் அண்ணா.

---

பழைய வானொலி எழுதியது:

ஆமாம். மாஸ்கோவையும் பீட்டர்ஸ்பர்க்கையும் இணைக்கும் புதிய கட்டண நெடுஞ்சாலைக்காக மாஸ்கோவுக்கு அருகே ஹிம்கி காட்டை வெட்டத் திட்டம் போட்டார்கள். அதை எதிர்த்து எழுதிய உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் மிகாயில் பெகெத்தொவை 2008 நவம்பரில் வீட்டு வாசலிலேயே அடித்துப் போட்டார்கள். ஒரு காலும் சில விரல்களும் போயின, பேச்சும் போனது. 2013-இல் இறந்தார். மரம் வெட்டாதே என்று சொன்னதற்கு அந்த ஊரில் அதுதான் விலை.

2010 ஆகஸ்ட் 22, மாஸ்கோ புஷ்கின் சதுக்கத்தில் காட்டுக்காகக் கூட்டம். ஒலிபெருக்கி, இசைக்கருவிகளைக் காவல்துறை உள்ளே விடவில்லை. ஷெவ்ச்சூக் வெறும் கிட்டாரோடு நின்று பாடினார். சுற்றி நின்ற சனம் சேர்ந்து பாடியது. மூன்று நாள் கழித்து லூஷ்னிகி மைதானத்தில் ஐரிஷ் ராக் குழுவான யூ-2-வின் கச்சேரி. அதன் பாடகர் போனோ இவரை மேடைக்கு அழைத்து, பாப் டிலன் பாட்டு ஒன்றை இருவரும் சேர்ந்து பாடினார்கள். மறுநாள் மெத்வேதெவ் சாலைப் பணியை நிறுத்தி வைக்கச் சொன்னார். டிசம்பரில் திரும்பவும் அனுமதி கொடுத்துவிட்டார்கள், சாலை வந்தது.

---

கானல் எழுதியது:

காடு போயிட்டுது. ஆனா அந்தச் சதுக்கத்தில நிண்டவை எத்தினை பேர் அடுத்த வருசக் கடைசியில தேர்தல் மோசடிக்கு எதிரா வீதிக்கு வந்திருப்பினம் எண்டும் யோசிக்க வேணும்.

---

செங்கதிர் எழுதியது:

சரி, 2022-க்கு, உக்ரேன் போருக்கு வருவோம். என் மனதை உறுத்துவது இதுதான். மற்ற ராக் பாடகர்களைப் பாருங்கள்: மகரேவிச் இஸ்ரேலில் இருக்கிறார். கிரெபென்ஷிகோவ் லண்டனில். செம்ஃபிரா வெளியேறிவிட்டார். மூவருக்கும் ரஷ்ய அரசு ‘வெளிநாட்டு முகவர்’ முத்திரை குத்தியாகிவிட்டது. ஷெவ்ச்சூக் நாட்டிலேயே தங்கினார். தங்குவது ஒரு வகைச் சமரசம் ஆகாதா? வரி கட்டுவது அதே அரசுக்குத்தானே?

---

உஃபா மாணவி எழுதியது:

சார், மன்னிக்கணும், இதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

2022 மே 18, உஃபா அரங்கம். எங்களோடு படித்த ரஷ்யத் தோழி ஒருத்தி கச்சேரிக்குப் போயிருந்தாள். போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ராணுவத்தை ‘இழிவுபடுத்தினால்’ தண்டனை என்று சட்டம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. பாட்டுக்கு நடுவில் அவர் பேசினார்: உக்ரேனில் மக்கள் சாகிறார்கள், நம் பையன்கள் சாகிறார்கள், எதற்காக? தாய்நாடு என்பது எந்நேரமும் முத்தமிட்டுக்கொண்டிருக்க வேண்டிய அதிபரின் பின்புறம் இல்லை, ரயில் நிலையத்தில் உருளைக்கிழங்கு விற்கும் ஏழைப் பாட்டிதான் தாய்நாடு. அவர் சொன்னதன் சாரம் இது. அரங்கம் அதிர்ந்தது என்றாள். கச்சேரி முடிந்ததும் காவல்துறை மேடைக்குப் பின்னால் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 16-இல் உஃபா நீதிமன்றம் 50,000 ரூபிள் அபராதம் போட்டது. தனிநபருக்கு முதல் தடவைக்கு அந்தச் சட்டத்தில் உச்சபட்சமே அதுதான். இரண்டாவது தடவை என்றால் குற்றவியல் வழக்கு, சிறை. இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவருடைய எழுத்துவழி வாக்குமூலத்தில், எந்த நாட்டில் நடந்தாலும் எந்தக் காலத்தில் நடந்தாலும் போரை எதிர்த்தே வந்திருக்கிறேன் என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.

அதற்கு முன்பே தியூமென் கச்சேரி நின்றுபோனது. மேடையில் போர் ஆதரவின் சின்னமான ‘இசட்’ எழுத்துப் பதாகை தொங்க வேண்டும் என்றார்கள், முடியாது என்று குழு மறுத்துவிட்டது. பிறகு ஊர் ஊராகக் கச்சேரிகள் ரத்து. மேடை இல்லாத பாடகருக்குச் சொந்த ஊரில் இருப்பது சொகுசா? வெளியே போனவர்களை நான் குறை சொல்லவில்லை, அவரவர் நிலைமை. ஆனால் அங்கே இருந்துகொண்டு அந்தச் சனத்தின் முகத்தைப் பார்த்துப் பேசியவரை ‘சமரசம்’ என்று சொல்லாதீர்கள்.

---

பழைய வானொலி எழுதியது:

மருத்துவர் அம்மா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க அதிகம் இல்லை. ராக் பாடியவன் எல்லாம் எதிர்ப்பாளன் என்று ஒரு நினைப்பு நமக்கு உண்டு. ‘அகதா கிறிஸ்டி’ குழுவின் சமோய்லொவ் அண்ணன் தம்பியைப் பாருங்கள். வாதிம் ரஷ்ய ஆதரவாளர்கள் பிடித்த கிழக்கு உக்ரேனின் தொன்பாஸ் மேடைகளில் பாடினார், க்ளெப் அதை வெறுத்தார். ஒரே வீடு, ஒரே குழு. சிசெரினாவும் ராக் பாடகிதான், போருக்கு ஆதரவாகப் பாடுகிறார். ஆக, இசை வகை யாருக்கும் முதுகெலும்பு தருவதில்லை. ஷெவ்ச்சூக் தானே தேர்ந்துகொண்டார், ஒவ்வொரு போரிலும் திரும்பத் திரும்ப.

2023-இல் இசையமைப்பாளர் திமித்ரி எமெல்யானொவோடு ஓர் ஆல்பம் வெளியிட்டார்: ‘சுடுகூடத்தில் ஓநாய்கள்’. ‘சுடாதே’ பாட்டின் பையன் குறிபார்த்துப் பழகியதும் சுடுகூடத்தில்தான். 1980-இல் அவன் துப்பாக்கிக்குப் பின்னால் நின்றான். இந்தத் தலைப்பிலோ சுடப்படும் பக்கத்தில் ஓநாய்கள் நிற்கின்றன. வேண்டுமென்றே செய்தாரா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும், ஆனால் எனக்கு அந்த இரண்டும் ஒரே பாட்டின் இரண்டு பக்கமாகக் கேட்கின்றன.

அதில் ‘தாய்நாடே, வீட்டுக்குத் திரும்பி வா’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ‘தாய்நாடு’ என்று அவர் பாடியது நாடெங்கும் பிரபலம். அவலட்சணம் என்று யார் கத்தினாலும் நான் அவளிடம்தான் போகிறேன் என்று ஒரு மகன் ஊர் திரும்பும் பாட்டு அது. முப்பது வருஷத்தில் நிலைமை தலைகீழ். மகன் வீட்டில் இருக்கிறான், தாய் எங்கோ வழி தப்பிப் போய்விட்டாள், அவன் கூப்பிடுகிறான். இதைப் பாடும்போது அவருக்கு வயது 65.

---

செங்கதிர் எழுதியது:

அந்தப் பாட்டை இன்றுதான் கேட்டேன். தங்குவதா போவதா என்பதில் என் கேள்வி அப்படியே இருக்கிறது, ஆனால் அந்தக் குரலில் போலி எதுவும் இல்லை. அதை மனதாரச் சொல்கிறேன்.

---

மழைக்காலம் எழுதியது:

முழு இழையும் படித்தேன். ரஷ்ய மொழி எனக்குத் தெரியாது. எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? அரசியல் பாட்டுகளை வார்த்தை புரியாமல் கேட்டால் பயன் உண்டா?

---

உஃபா மாணவி எழுதியது:

‘இலையுதிர்காலம் என்றால் என்ன’, அதிலிருந்து தொடங்குங்கள். அதற்கு அரசியலும் வேண்டாம், அகராதியும் வேண்டாம். பிறகு ‘மழை’. அதுவும் அதே காலத்துப் பாட்டு.

---

கானல் எழுதியது:

‘கறுப்பு நாய் பீட்டர்ஸ்பேர்க்’ எண்ட நேரடிக் கச்சேரிப் பதிவைத் தேடிக் கேளுங்கோ. எல்மீரா இறந்து கொஞ்ச நாளுக்குள்ள நடந்தது. வயலினும் சாக்ஸபோனும் கூட வரும், குரல் சில இடத்தில கிழியும். நான் முதல்ல கேட்டபோது எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனா பாதியில நிப்பாட்ட ஏலாமல் போச்சு.

---

பழைய வானொலி எழுதியது:

மழைக்காலம், இரண்டையும் கேட்டுவிட்டு ‘சுடாதே’ பாட்டின் எண்பதுகளின் பதிவையும் 2008 கச்சேரிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குருவி, சுடுகூடம், போர் என்ற வரிசை உங்களுக்கு இப்போது தெரியும், அதனால் வார்த்தை தடையாக இருக்காது. ‘இறந்த நகரம்’ பாட்டை வரி வரியாகத் தமிழில் விளக்கித் தனியாக ஓர் இழை போட வேண்டும் என்று இருக்கிறேன். ரஷ்ய மொழி தெரிந்தவர்கள், குறிப்பாக மருத்துவர் அம்மா, உடன் இருந்தால் இந்த வாரமே தொடங்கலாம்.